முக்கால் பவர் கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரரின் பெண்டாட்டி, புருஷனுக்குத் தெரியாமல் இன்னொரு கடையில் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் அந்தக் காரியத்துக்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. நான் செய்தேன். ஜார்ஜ்டவுனில் வேண்டாம், யாராவது பார்த்து வத்தி வைத்துவிடுவார்கள் என்று பயந்து, படகேறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து செபராங் ஜெயாவில் இறங்கிச் செய்தேன். 'அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்' என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனேன். அக்கா வீட்டுக்கும் போனேன் என்று வையுங்கள். பத்து நிமிஷம்.

எல்லாம் ஒரு துப்பாக்கியால் வந்த வினை.

பத்து வருஷமாக நான் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் சொந்தக்காரர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் 'அக்காவுக்கு மொதல்ல சோறு போடுங்கப்பா, சுட்டுறப் போவுது' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் ஆலையின் விளையாட்டு மன்றத்தில் ஒரு வருஷம் எங்களைத் துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிப் போனார்கள். வேடிக்கை பார்க்கப் போனவள் மாட்டிக்கொண்டேன். கையில் ரைஃபிளை வாங்கி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்தியபோது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தமெல்லாம் நின்றுபோனது. மாமியார் மருந்து, பிள்ளையின் பரீட்சை, மறுநாள் ஷிஃப்ட், எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு நிமிஷம் கிடைத்தது அன்றைக்குத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன்.

எங்களைப் போன்றவர்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. எல்லாம் கிளப்பின் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், சுட்டு முடித்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். நான் சுடுவது மூன்றாம் நம்பர் ரைஃபிள். என்னுடையது இல்லை, ஆனால் என்னுடையதுதான். கன்னம் வைக்கும் கட்டையை என் முகத்துக்கு ஏற்ற உயரத்தில் முடுக்கி வைத்திருந்தேன். தோளில் பொருந்தும் தகட்டின் வளைவுகூட என் தோளுக்கென்றே திருகியது. ஒன்பது வருஷம் வேறு யாரும் அதைத் தொடவில்லை.

முதல் நாள் கிளப் வாசலில் என்னை இறக்கிவிட்டபோது என் கணவர் ஒன்று சொன்னார்.

"நீ போய்ட்டு வாம்மா. நான் உள்ள வர மாட்டேன். நான் வந்தா, சாப்பிட்டீங்களா, வெயில்ல நிக்கிறீங்களான்னு என்னையே பார்த்துக்கிட்டு இருப்ப. இது உன் எடம்."

பத்து வருஷமும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். ஞாயிறு தவறாமல் காரில் கொண்டுவந்து விடுவார். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டு பேப்பர் படிப்பார். மழை கொட்டினாலும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. 'எப்படிச் சுட்ட' என்று மட்டும் கேட்பார். 'பரவால்ல' என்றால் தலையாட்டிவிட்டு வண்டியை எடுப்பார்.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன்.

எங்கள் பந்தயத்தில் ரைஃபிள் மேல் தொலைநோக்கி பொருத்தக் கூடாது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தகடு, அதில் கடுகளவு துவாரம். குழல் நுனியில் ஒரு வளையம். பத்து மீட்டருக்கு அப்பால் ஐம்பது காசைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வட்டம். துவாரத்தின் வழியே பார்த்து, வளையத்தின் நடுவில் கறுப்பு வட்டத்தைக் கொண்டுவந்து, நின்றபடியே சுட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மனுஷக் கண்ணால் பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. எது தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் கறுப்பு வட்டம் என்பார்கள். தப்பு. வளையம்தான் தெளிவாக இருக்க வேண்டும். வட்டம் கொஞ்சம் கலங்கலாக, விளிம்பு கரைந்த மாதிரி இருந்தால் போதும். கலங்கல் நடுவில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இது எனக்குப் புரியவே முதல் ஒரு வருஷம் ஆனது.

ஐம்பது வயது தாண்டிய பிறகு அந்த வளையம் கரைய ஆரம்பித்தது. முதலில் வெளிச்சம் சரியில்லை என்றேன். அப்புறம் தூக்கம் சரியில்லை என்றேன். வளையத்துக்கு ரெண்டு ஓரம் வந்தது, பிறகு மூன்று வந்தது. ஆலையில் நான் மைக்ரோஸ்கோப்பில் சில்லுகளைப் பார்த்துக் கீறல் கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறேன். அங்கே குமிழைத் திருகினால் எல்லாம் தெளிவாகிவிடும். அதனால் என் குட்டு அங்கேயும் வெளிப்படவில்லை.

அந்த வருஷம் பார்த்து கிளப்பில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். நல்ல ரைஃபிள் நாலுதான், ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆகவே ஒவ்வொருவரும் நாற்பது குண்டு சுட வேண்டும். நானூறுக்கு முந்நூற்று அறுபத்தைந்து எடுத்தால் உன் ரைஃபிள் உன்னிடம் இருக்கும். இல்லாவிட்டால் அது அடுத்த ஆளுக்கு. உனக்குப் பயிற்சி ரைஃபிள், அதுவும் முறை வந்தால். மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். அந்த வாரம் நான் எடுத்தது முந்நூற்று ஐம்பத்தொன்று.

ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். அன்று என் தாளைப் பார்த்துவிட்டு மலாயும் தமிழும் கலந்து சொன்னார்: "ஆன்ட்டி, ஸ்கோப் வச்சிச் சுடுற கிளாஸுக்குப் போங்கலா. மேசையில வச்சி உக்காந்து சுடலாம். எல்லாம் பெருசா காட்டும். அதுக்கு டெஸ்ட் இல்ல. தாக் அப்பாலா, வயசானா எல்லாரும் போறாங்க."

தாக் அப்பாவாம், பிரச்சினை இல்லையாம்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மேசையில் முட்டுக் கொடுத்து வைத்துச் சுடுவதில் தப்பொன்றும் இல்லை, அதில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு நின்று சுட வேண்டும். என் இடுப்பெலும்பில் முழங்கையை ஊன்றி, உடம்பு முழுக்க ஒரு கம்பம் மாதிரி அடங்கும் அந்த நிமிஷம் எனக்கு வேண்டும். பெருசாகக் காட்டுகிற எதுவும் எனக்கு வேண்டாம், வளையம் ஒன்று தெளிவாகத் தெரிந்தால் போதும். பாவம், அந்த மனிதர் சிறிய துவாரம் வைத்த தகடு ஒன்றையும் இரவல் கொடுத்துப் பார்த்தார். துவாரம் சிறிதானால் எல்லாமே தெளிவாகும் என்பது உண்மைதான், ஆனால் கூடவே இருட்டிவிடும். பெரிய வளையம் போட்டுப் பார்த்தேன். பெரிதாகக் கரைந்தது.

வீட்டுக்குப் போய்க் கட்டியவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "என் வீட்டுக்காரிக்கு அம்பது தாண்டிருச்சு. இன்னும் கண்ணாடி கெடையாது தெரியுமா? கழுகுக் கண்ணு" என்று பெருமையடித்துக்கொள்கிற மனுஷன். நானும் வெட்கமில்லாமல் பக்கத்தில் நின்று சிரிப்பேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கிளப் என் இடம் என்று அவரே சொல்லிவிட்டார். அங்கே நான் கண்ணாடிக்காரர் பெண்டாட்டி இல்லை. அவரிடம் போய் நின்றால் அதுவும் அவர் சரிசெய்கிற இன்னொரு காரியமாகிவிடும் என்று எனக்குள் ஒரு வீம்பு. அந்த வீம்புதான் என்னைப் படகேற்றியது.

செபராங் ஜெயா கடையில் ஒரு இளம்பெண் சோதித்தாள். மரியாதையான பெண். "எதுக்கு ஆன்ட்டி கண்ணாடி? படிக்கவா, காடி ஓட்டவா?" என்று கேட்டாள். துப்பாக்கி சுட என்று சொல்ல வாய் வரவில்லை. "எல்லாத்துக்கும்" என்றேன். எல்லாத்துக்கும் என்றால் மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் நடுவில் இடைப்பட்ட தூரத்துக்கும் ஒரே லென்ஸில் வைத்துத் தருவார்களாம், புரோகிரசிவ் என்று பெயர். அடடே, வளையம் இடைப்பட்ட தூரத்தில்தானே இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வேறொரு கடைக்காரனை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு முந்நூற்று நாற்பத்தெட்டு. வளையம் வளைந்தது. வட்டம் ரெண்டானது. தலையை ஒரு நூல் அசைத்தால் எல்லாம் நழுவி ஓடியது. கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் போட்டுக் கைப்பைக்குள் அமுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

"எப்படிச் சுட்ட?"

"பரவால்ல."

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து எங்கள் கடைக்குப் போனேன். கடைச் சாவியைத் தேடி என் கைப்பைக்குள் கைவிட்டவர் அந்த உறையை எடுத்துவிட்டார். கண்ணாடியை எடுத்து லைட்டுக்கு நேராகப் பிடித்தார். 'ஹா' என்று வாயால் ஆவி ஊதினார். அந்த வகை லென்ஸில் கண்ணுக்குத் தெரியாமல் சின்ன எழுத்துப் பொறித்திருப்பார்களாம், பவர் உட்பட. ஆவி பட்டால் தெரியும். அவர் அதைப் படித்தார்.

"ஒண்ணே முக்கால்" என்றார். பிறகு ஃபிரேமைத் திருப்பிப் பார்த்தார். "நம்ம கடைச் சரக்கு இல்ல."

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. வேறு எந்தத் தப்பு செய்து மாட்டியிருந்தாலும் வாயடித்துச் சமாளித்திருப்பேன். "அக்காவோட கண்ணாடி" என்று சொல்லலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சொல்லியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரைக்குப் பின்னால் போய் ஒரு இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு காகித உறையோடு வந்தார். அதன்மேல் மற்ற வாடிக்கையாளர்களுக்கு எழுதுகிற மாதிரியே என் பெயர், தேதி, பவர் எழுதியிருந்தது. உள்ளே மெல்லிய ஃபிரேமில் படிக்கும் கண்ணாடி. தேதி ஒரு வருஷத்துக்கு முந்தையது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன தீபாவளிக்கு முன்னாடி. எண்ணெய் பாக்கெட்டுல தேதி பார்க்குறதுக்கு இவ்ளோ தூரம் கைய நீட்டின. அப்பவே செஞ்சி வச்சிட்டேன்."

"அப்புறம் ஏங்க சொல்லல? வர்றவங்ககிட்ட எல்லாம் கழுகுக் கண்ணுன்னு வேற..."

"நீயா வந்து கேப்பன்னு இருந்தேன்." உறையை மேசைமேல் வைத்து ஒழுங்காகத் தள்ளி வைத்தார். "கண்ணு தெரியலன்னு ஒருத்தர்கிட்ட நாமளாப் போய்ச் சொல்லக் கூடாது. அவங்களா படியேறி வரணும். நீ வேற கடைப் படியேறிட்ட."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே, கடையில், சோதனை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வளையம் கரைவது, முந்நூற்று அறுபத்தைந்து, மூன்றாம் நம்பர், மேசை, ஸ்கோப் எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து வருஷத்தில் கிளப்பைப் பற்றி அவரிடம் அவ்வளவு பேசியதில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் உள்ள வரலாமா?"



அடுத்த ஞாயிறு அவர் சோதனை லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் உள்ளே வந்தார். கோயிலுக்குள் நுழைகிற மாதிரி ஓரமாக நடந்தார். சீன அங்கிள், யாரோ டாக்டர் வந்துவிட்டார் என்று நினைத்து எழுந்து நின்றார். நான் மூன்றாம் நம்பரை எடுத்து நிலையில் நின்றேன். அவர் என் முகத்தருகே வந்து, மூச்சுக்கூட விடாமல், எட்டிப் பார்த்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட! கன்னத்தைச் சாய்ச்சிக்கிட்டு மூக்கோரத்துல மேல் மூலையில பாக்குற. இதுக்குப் போய்ப் புரோகிரசிவ்வா? அந்த மூலையில ஒண்ணுமே இருக்காதே! போட்டவளச் சொல்லணும்."

"அவளுக்கென்ன தெரியும்? நான்தான் எல்லாத்துக்கும்னு சொன்னேன்."

"எல்லாத்துக்கும்னு கேட்டா இப்படித்தான்."

பழைய வட்ட ஃபிரேம் ஒன்றில் லென்ஸ் மாற்றும் பிடியைச் சாய்த்து, என் கண் பார்க்கிற மூலைக்கு நேராக வருகிற மாதிரி கம்பியை வளைத்தார். பிறகு ஒவ்வொரு லென்ஸாகப் போட்டார். கால் பிளஸ், அரை பிளஸ், முக்கால். முக்கால் போட்டதும் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வளையம்! கம்பாசால் கீறின மாதிரி, ஒரே ஓரத்தோடு, கறுகறுவென்று நின்றது.

"இதுதாங்க! இதேதான்!"

"தூரத்து வட்டம் எப்படி?"

"கலங்கலா இருக்கு."

"கலங்கலாவா? அப்ப அரைக்குப் போவோம். ரெண்டும் சமமா..."

"வேணாம். முக்கால்."

"ஏம்மா, சுடப்போறது அந்த வட்டத்தை. அது தெளிவா இல்லன்னா எப்படி?"

நான் விளக்கினேன். வளையத்தைப் பார்த்தால் போதும், வட்டம் கலங்கினால் பரவாயில்லை, நடுவில் இருந்தால் போதும் என்று ரைஃபிளைத் தோளில் வைத்தபடியே சொன்னேன். தலையாட்டினார். ஆனால் முகம் ஒப்பவில்லை. என் புருஷன் முகம் எனக்குத் தெரியாதா? வயிற்றுவலிக்காரன் பாயசம் குடிக்கிற மாதிரி 'முக்கால்' என்று அட்டையில் எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் லென்ஸ் வந்தது. பரீட்சைக்கு முன் ரெண்டே ரெண்டு ஞாயிறுதான் இருந்தது. போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கு மாதிரி இல்லை. வளையத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய சாம்பல் பூச்சு. காரில் ஏறியதும் சொன்னேன்.

"அன்னிக்கி இன்னும் நல்லா இருந்த மாதிரி இருக்குங்க."

"புதுக் கண்ணாடி. பழகிடும்" என்றார்.

இந்தச் சொல்லை அவர் கடையில் நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். புதுக் கண்ணாடி போட்டவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்து தரை மேடு பள்ளமாகத் தெரிகிறது, வீட்டுச் சுவரெல்லாம் அழுக்காக இருக்கிறது, கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் இத்தனை சுருக்கமா என்று முறையிடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே 'பழகிடும்' என்பார். பழகியும் விடும். அதனால் நானும் நம்பினேன்.

பரீட்சை நாளன்று நான் ஒழுங்காகத்தான் சுட்டேன். பொய் சொல்லவில்லை. கை நடுங்கவில்லை, அவசரப்படவில்லை. முதல் இருபது நன்றாகப் போனது. பின் இருபதில் கண் சோர்ந்து வளையத்தின் சாம்பல் பூச்சு தடித்தது. அதை விரட்டிக்கொண்டே சுட்டேன். அங்கிள் தாள்களை வரிசையாக வைத்து எண்ணினார். ஒரு முறை எண்ணி, என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி எண்ணினார்.

முந்நூற்று அறுபத்து மூன்று.

"ரெண்டுதானே ஆன்ட்டி. கமிட்டியில நான் பேசுறேன்லா" என்றார். வேண்டாம் என்றேன். ரெண்டு என்றால் ரெண்டுதான். கையெழுத்துப் போட்டு ரைஃபிளைக் கொடுத்தேன். கன்னக் கட்டையின் திருகை நானே தளர்த்திக் கீழே இறக்கி வைத்தேன், அடுத்து எடுக்கிறவர்களுக்கு என் முகத்தின் உயரம் எதற்கு? அதுவரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன்.

அவர் அன்று பழையபடி மரத்தடியில் காரில் இருந்தார். 'பரீட்சை நாள் நான் இருந்தா உனக்குப் படபடப்பு வரும்' என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்து எண்ணைச் சொன்னேன். அவர் சாவியைத் திருகவில்லை. ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது.

"அது முக்கால் இல்லம்மா" என்றார். "அரை."

"என்னது?"

"லென்ஸ். முக்கால்னு எழுதிட்டு வந்து, அரைதான் போட்டேன். வட்டம் கலங்கலாத் தெரியுதுன்னு நீ சொன்னதுல இருந்து எனக்குத் தாங்கல. முப்பது வருஷமா ஜனங்க கண்ணுல கலங்கல எடுத்துத்தான் சோறு தின்னுருக்கேன். உனக்குப் போய், அதுவும் உனக்கு, கலங்கலா ஒரு கண்ணாடி எப்படிச் செய்யுறது? கால் பவர்தானே, தெரியாதுன்னு நெனச்சேன். ரெண்டுமே கொஞ்சம் தெளிவா இருக்கட்டுமேன்னு..."



நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். விடுவிடுவென்று நடந்தேன். பேருந்து நிறுத்தம் ரொம்ப தூரம், வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் ரெண்டு பக்க விளக்கையும் மினுக்கவிட்டுக்கொண்டு பின்னாலேயே காரை ஊர்ந்து ஓட்டிவந்தார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, "அக்கா, அந்த ஆளு தொந்தரவு பண்றாரா? போலீசுக்குப் போன் போடவா?" என்றார்.

"என் வீட்டுக்காரர்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். முன்னால் உட்கார மனசு வரவில்லை.

ரெண்டு நாள் அவரிடம் பேசவில்லை. சோறு வைத்தேன், துணி மடித்தேன், பேச்சில்லை. ஒன்பது வருஷத்து ரைஃபிளை ஒரு கால் பவரில் தொலைத்துவிட்டாரே என்ற வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. 'பழகிடும்' என்று என்னிடமே சொன்னாரே, ஊரார்க்குச் சொல்கிற அதே வாயால்! அதுதான் ரொம்ப வலித்தது. அவரும் பேச முயலவில்லை. சமையலறை வாசல்வரைக்கும் வருவார், நிற்பார், போய்விடுவார். கெட்ட எண்ணத்தில் கெடுத்திருந்தால் கோபப்பட்டுத் தீர்த்திருக்கலாம். நான் கலங்கலாகப் பார்ப்பதைப் பொறுக்க முடியாமல் கெடுத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நானும்தான் திருட்டுத்தனமாகப் படகேறினேன். எவ்வளவு யோசித்தாலும் அந்த மனுஷனை வெறுக்க ஒரு வழியும் கிடைக்கவில்லை. அதுவே கூடுதல் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் வேலை முடிந்து நானே கடைக்குப் போனேன். அவர் ஏதோ லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தினார்.

"முக்கால் ஒண்ணு போடணும்" என்றேன், வாடிக்கையாளர் மாதிரி.

லென்ஸை எடுத்து, வெட்டி, தேய்த்து, ஃபிரேமில் பொருத்தினார். கொடுக்காமல், பவர் பார்க்கிற மிஷினில் வைத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"நான் சொன்னா நம்பாத. நீயே பாரு."

குனிந்து பார்த்தேன். பிளஸ் முக்கால். அவர் என் பின்னால் நின்றிருந்தார். திரும்பாமல், "ஞாயித்துக்கிழம காடியில உக்காந்திருக்காதீங்க. உள்ள வாங்க" என்றேன். அதுதான் மூன்று நாளில் பெண்டாட்டியாக நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் நம்பரை வேறொருவர் எடுத்துப் போய்விட்டார். பார்க்காத மாதிரி இருந்தேன், ஆனால் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது பயிற்சி ரைஃபிள். கனமானது, கன்னக் கட்டையில் யாரோ டேப் சுற்றி அது பிசுபிசுத்தது. தோள் தகடு எவர் தோளுக்கும் பொருந்தாத தினுசு. ஐந்து நிமிஷம் அதோடு மல்லுக்கட்டி நிலைக்கு வந்தேன். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காராமல் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தெரியும் எனக்கு, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

துவாரத்தின் வழியே பார்த்தேன். வளையம் வந்தது. ஒரே ஓரம், கறுகறுவென்று, அன்று போலவே. அதற்குள்ளே தூரத்தில் கறுப்பு வட்டம்.

"வட்டம் எப்படித் தெரியுது?" என்று மெல்லக் கேட்டார்.

"கலங்கலா."

பின்னால் அவர் செருப்பு தரையில் ஒரு தடவை உரசியது.

"சரி" என்றார். "அப்படியே இருக்கட்டும்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்க அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத் தொழிலில் யாருக்கும் சொல்லாத வார்த்தை. விசையில் வைத்த விரலை எடுத்துவிட்டேன். வளையமும் வட்டமும் சேர்ந்தே கரைந்துபோயின. கண்ணில் தண்ணீர் வந்தால் எந்த லென்ஸ் போட்டும் பயனில்லை. ரைஃபிளை மெதுவாக மேசைமேல் இறக்கினேன்.

"என்னாச்சு? பவர் சரியில்லையா?" பதறிக்கொண்டு கிட்டே வந்தார்.

"பவர் சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் இருங்க."

"இருக்கேன்" என்றார். "நான் எங்க போறேன்?"